மூன்று புள்ளியா, நான்கு புள்ளியா? நெல்லைச் சீமை வண்ணத்துப்பூச்சிகளின் இணைதேடல்

கார்த்திகை மாதம், மழை விட்ட மறுநாள் காலை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் கன்னடியன் கால்வாய்க் கரையில் ஓர் எருக்கம்புதர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிகள் இரண்டு ஒன்றையொன்று துரத்திச் சுற்றிக்கொண்டு தென்னை உயரத்துக்கு ஏறின. மேலே போனதும் பிரிந்தன. ஒன்று வயலைத் தாண்டிப் போய்விட்டது. மற்றது இறங்கி அதே எருக்கில் வந்து அமர்ந்தது. மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

“என்ன தம்பி, எருக்குல என்னத்தப் பாக்கிய?”

“வண்ணத்துப்பூச்சி பாக்கேன், அண்ணாச்சி.”

“சோடி சேந்து மேல போச்சுல்லா, பாத்தியளா?”

அவர் சொன்னதைத்தான் நம்மில் எல்லாரும் சொல்வோம். இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் சேர்ந்து சுழன்று பறந்தால் அது காதல் என்பது நமக்குச் சிறு வயதிலிருந்தே பதிந்துபோன எண்ணம். ஆனால் பறப்பதற்கு முன் அந்த இரண்டும் தனித்தனியே இறகை விரித்து வெயில் காய்ந்தபோது நான் பின்னிறகுகளை எண்ணியிருந்தேன். வெந்தய வரியனின் பின்னிறகு நடுவில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். பெண்ணுக்கு மூன்று. ஆணுக்கு நான்கு. அந்த நான்காவது புள்ளி சற்றே புடைத்து, நடுவில் வெள்ளையாக, கறுப்புக் கரை கட்டினாற்போல் இருக்கும். அன்று பார்த்த இரண்டுக்கும் நான்கு புள்ளிகள். இரண்டும் ஆண்கள்.

பெரியவரிடம் சொன்னேன். அமர்ந்திருந்ததை அவர் குனிந்து பார்த்து எண்ணினார். “அப்போ சண்டையா?” என்றார். சண்டை என்று அவசரமாகச் சொல்லிவிடவும் முடியாது. அங்கேதான் இந்த விஷயத்தின் சுவையே இருக்கிறது.

ஆணுக்கும் அதே குழப்பம்

நாம் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து ‘இது என்ன இனம், ஆணா பெண்ணா’ என்று தடுமாறுகிறோம். பறந்து திரியும் ஒவ்வோர் ஆணும் நாள் முழுக்க அதே கேள்வியோடுதான் அலைகிறது. அதற்குக் கண் உண்டு. ஆனால் தூரத்தில் போவது தன் இனமா என்று தெளிவாகச் சொல்லும் கூர்மை அந்தக் கண்ணுக்குக் கிடையாது. ஆகவே அது கிட்டே போய்ப் பார்க்கிறது. போய்ப் பார்த்தது இன்னோர் ஆணாக இருந்தால், அதுவும் இதைப் பெண்ணோ என்று பார்க்க வரும். இரண்டும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டே சுழன்று மேலே போகும்.

நிக்கோ டின்பர்கன் என்ற விலங்கியலாளர் இதை ஐரோப்பாவில் மிக எளிய கருவியால் சோதித்தார். 1973-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். காகிதத்தில் வண்ணத்துப்பூச்சி வெட்டி, தூண்டில் கம்பு நுனியில் நூலால் கட்டி, தரையில் காத்திருக்கும் கிரேலிங் என்ற பழுப்பு இனத்தின் ஆண்களுக்கு முன்னால் ஆட்டினார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆயிரக்கணக்கான முறை இதைச் செய்து பார்த்து 1942-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பசியோடு பூத் தேடும்போது நிறத்தைப் பிரித்து அறியும் அதே பூச்சி, பெண்ணைத் துரத்தும்போது நிறத்தைப் பொருட்படுத்தவே இல்லை. உருவம் கறுத்ததாக இருக்க வேண்டும், கிட்டே இருக்க வேண்டும், குதித்துக் குதித்து அசைய வேண்டும்; அவ்வளவே. உதிரும் இலையையும், சிறு பறவையையும், சில வேளை தன் நிழலையுமே அவை துரத்தின.

நம்மூரிலும் இதைப் பார்க்கலாம். ஆடிக் காற்றில் வேப்பம் பழுப்பு ஒன்று உதிர்ந்து உருண்டால், பின்னாலேயே ஒரு சின்ன மஞ்சள் பூச்சி ஓடும். கிட்டே போனதும் விட்டுவிடும். இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பூச்சியின் மேல் எனக்குப் பரிவுதான் வருகிறது. வாரக்கணக்கில் முடிந்துவிடும் வாழ்க்கையில் ஓர் இலையைக்கூட விசாரிக்காமல் விட அதற்கு மனம் வரவில்லை.

ஆகவே இணைதேடல் என்பதே படிப்படியாக நடக்கும் ஓர் அடையாள விசாரணை. தூரத்தில் அசைவு, கிட்டே வந்தால் நிறமும் கோலமும், இன்னும் கிட்டே வந்தால் மணம். எந்தப் படியில் ‘இல்லை’ என்று தெரிகிறதோ அங்கேயே ஆட்டம் நின்றுவிடும். களத்தில் இறங்கிப் பார்ப்பவருக்கு இது பெரிய துணை. ஒரு சந்திப்பு எந்தப் படியில் முறிந்தது என்று கவனித்தால், சந்தித்தவை யார் யார் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஒன்று மற்றதைத் தொட்டும் தொடாமல் சுற்றிவிட்டு உடனே விலகினால் அவை வேறு வேறு இனம். சுழன்று சுழன்று மேலேறிப் பிரிந்தால் பெரும்பாலும் ஓரின ஆண்கள் இரண்டு. முன்னால் ஒன்று சீராகத் தாழப் பறக்க, பின்னால் ஒன்று அதன் மேலேயும் முன்னேயும் படபடத்துக்கொண்டே போனால், அதுதான் காதலாட்டம்.

ஆண்கள் சுழன்றேறுவதைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. 1978-இல் இங்கிலாந்தில் ஸ்பெக்கிள்டு வுட் என்ற இனத்தைப் பார்த்தவர்கள், காட்டுத் தரையில் விழும் வெயில் துண்டுக்கான உரிமைப் போட்டி இது என்றார்கள். முதலில் வந்து பிடித்தவன் எப்போதும் வென்றான். 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறு விளக்கம் வைத்தார்கள்: வண்ணத்துப்பூச்சிக்குக் கொம்பும் பல்லும் இல்லை, எதிரியை அடிக்க வழியில்லை, எதிரே இருப்பது ஆண் என்று கண்டுகொள்ள முடியாமல் இரண்டும் ஒன்றையொன்று பெண்ணென்று நினைத்துத் துரத்துவதே இந்தச் சுழற்சி. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் களத்தில் பார்ப்பதோடு ஒட்டி வருகிறது. பெரியவர் ‘சோடி’ என்று தவறாக எண்ணியது போலவே அந்த இரண்டு வரியன்களும் எண்ணியிருக்கலாம்.

நான்காவது புள்ளிக்குள் இருப்பது

வெந்தய வரியனை நான் முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எருக்கு எங்கெல்லாம் முளைக்குமோ அங்கெல்லாம் அது இருக்கும். பாளையங்கோட்டைத் தெருவோரத்திலும், நாங்குநேரிப் பொட்டலிலும், ரயில் தண்டவாளச் சரிவிலும் எருக்கு உண்டு. புழு அந்த இலையைத் தின்று வளர்கிறது. புழுவும் பூச்சியும் பறவைக்குச் சுவைக்காது. அதனால்தான் அது அவசரமே இல்லாமல், தன்னைக் காட்டிக்கொண்டு, மெல்லப் பறக்கிறது. பழகத் தொடங்குபவருக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைக்காது.

அந்த நான்காவது புள்ளி ஒரு மணப்பை. ஆணின் வயிற்று நுனிக்குள் இன்னொரு கருவி மறைந்திருக்கிறது: தூரிகை போன்ற மயிர்க்கற்றை இரண்டு. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. ஆண் சில வேளை அமர்ந்தபடியே வயிற்றை வளைத்து அந்தத் தூரிகையைப் பின்னிறகுப் பையில் நுழைத்து எடுப்பதைக் காணலாம். பையும் தூரிகையும் தொட்டுக்கொண்டால்தான் மணப்பொருள் சரியாக உருவாகிறது. பிறகு பெண்ணைத் துரத்திப் போய், முன்னால் முந்தி, தூரிகையை விரித்து அதன் உணர்கொம்புகளின் மேல் அந்த மணத்தூளைத் தூவுகிறது. பெண்ணுக்கு ஏற்பென்றால் செடியில் இறங்கும். ஆண் மேலே படபடத்து, பக்கத்தில் அமர்ந்து, வயிற்று நுனியோடு நுனி சேரும். அந்த நேரத்தில் நாம் நெருங்கிக் கலைத்துவிட்டால், சேர்ந்தபடியே பறக்கும். வரியன் கூட்டத்தில் ஆண்தான் பறக்கும், பெண் இறகை மூடித் தொங்கிக்கொண்டு போகும். இணைந்த ஜோடியில் எது ஆண் என்று கேட்டால் பறக்கிறதைக் காட்டலாம். கலைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

அந்த மணம் ஆணுக்குப் பிறப்பிலேயே வருவதில்லை. அதற்கான மூலப்பொருளை அது வெளியே தேடிப் பிடிக்க வேண்டும். நம் பக்கத்து ஓடைக்கரையிலும் தரிசிலும் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் நிறைய உண்டு. இவற்றில் ஆல்கலாய்டு என்ற ஒருவகைக் கசப்பு வேதிப்பொருள் இருக்கிறது. பூவைவிட, வாடிக் காய்ந்த தண்டிலும் இலையிலும்தான் வரியன்கள் மொய்க்கும். உறிஞ்சுகுழலால் ஈரத்தை உமிழ்ந்து, கரைத்து, மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். மொய்ப்பவற்றை எண்ணிப் பாருங்கள், கிட்டத்தட்ட எல்லாம் ஆண்களாகவே இருக்கும். வெந்தய வரியன் மட்டுமல்ல, நீல வரியன்களும் வெண்புள்ளிக் கறுப்பன்களும் சேர்ந்து அமரும்.

இதன் அமெரிக்க உறவினமான குவீன் வண்ணத்துப்பூச்சியில் ஆய்ந்து கண்டது: ஆண் அந்த ஆல்கலாய்டை மணமாக மட்டும் செலவிடுவதில்லை, இணைசேரும்போது விந்துப் பொதியோடு பெண்ணுக்குக் கொடுக்கிறது, பெண் அதை முட்டைகளில் சேர்க்கிறது. எறும்பும் மற்றப் பூச்சிகளும் அந்த முட்டையைத் தொடத் தயங்கும். அப்படியானால் அந்த மணத்தை நுகரும் பெண், ‘என் முட்டைக்குக் காவல் கொண்டுவந்திருக்கிறாயா’ என்று விசாரிப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தரிசைச் சுத்தம் செய்கிறோம் என்று காய்ந்த கிலுகிலுப்பையைப் பிடுங்கித் தீ வைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுவதற்கு இதுதான் காரணம். அங்கே எரிவது வரியன்கள் சீர் சேர்த்துவைக்கும் இடம்.

வேடக்காரிகள்

வெந்தய வரியனைப் படித்து முடித்துவிட்டோம் என்று நிமிரும்போது ஒரு சிக்கல் வரும். அதே ஆரஞ்சு, அதே கறுப்பு நுனி, அதே வெள்ளைப் பட்டை. ஆனால் பின்னிறகில் நடுப்புள்ளிகள் இல்லை, மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. அது வரியனே இல்லை, டனாய்டு எக்ஃப்ளை என்ற வேறு இனத்தின் பெண். பறவை தின்னக்கூடியது, தின்ன முடியாததின் சேலையை உடுத்திக்கொண்டு தப்பிக்கிறது. அதன் ஆணோ கருங்கறுப்பு. இறகில் ஊதா விளிம்பிட்ட பெரிய வெள்ளைப் பொட்டுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே இனம் என்று யாரும் நம்பமாட்டார்கள். அந்தக் கறுப்பு ஆண் இந்த ஆரஞ்சுப் பெண்ணின் மேல் படபடப்பதை ஒரு முறை பார்த்தால் போதும், பிறகு மறக்கவே மறக்காது.

பார்க்கக் கிடைக்கவில்லையா, செடியைப் பாருங்கள். வரியன் எருக்கில் முட்டையிடும். எக்ஃப்ளை பெண் தரையோடு தரையாகத் தாழ்ந்து பறந்து பருப்புக்கீரையைத் தேடும். இறகு பறவையை ஏமாற்றலாம், நம்மையும் ஏமாற்றலாம். முட்டையிடும் செடியில் அது வேடம் போட முடியாது. போட்டால் பிள்ளைகள் பட்டினி.

இதைவிடப் பெரிய வேடம் நம் வீட்டுக் கொல்லையிலேயே நடக்கிறது. கறிவேப்பிலை அழகி என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி, கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும். ஆணின் பின்னிறகில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாகப் பட்டை போலிருக்கும். பெண்ணுக்கு மூன்று உருவங்கள். ஒன்று ஆணைப் போலவே. இன்னொன்று ரோசா அழகியைப் போல. மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல. ரோசா அழகியும் சிவப்புடல் அழகியும் ஆடுதீண்டாப்பாளை வகைக் கொடிகளைத் தின்று வளர்பவை, நஞ்சுள்ளவை. கோவில்பட்டி, கயத்தாறு பக்கத்துக் கரிசலில் பருத்திக் காட்டு வரப்புகளில் ஆடுதீண்டாப்பாளை தரையோடு படர்ந்து கிடக்கும். பெயரே சொல்கிறது, ஆடு வாய் வைக்காது.

வேறுபாடு அறிவது எளிது. அழகிகளின் உடலைப் பாருங்கள். நிஜமான சிவப்புடல் அழகிக்கும் ரோசா அழகிக்கும் தலையும் வயிறும் இரத்தச் சிவப்பு. வேடக்காரிக்கு உடல் கறுப்பு. சிவப்பு இறகில் மட்டும்தான். அடுத்து, கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி ஒன்று மெல்லத் தடவித் தடவிப் பறந்தால், இறகில் எவ்வளவு சிவப்பிருந்தாலும் அது கறிவேப்பிலை அழகிதான்.

மூன்று உருவமும் ஒரே இனத்தின் பெண்கள் என்பதை 1865-இல் இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் ரசல் வாலஸ் விளக்கினார். 1910-களில் ஃப்ரையர் என்பவர் நமக்குக் கூப்பிடு தூரத்தில், இலங்கையில், இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, உருவம் எப்படித் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இறங்குகிறது என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் மரபணு எது என்று தெரிய நூறாண்டு ஆயிற்று. 2014-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒற்றை மரபணுவைச் சுட்டியது. பூச்சியின் உடலை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கும் அதே மரபணுதான் பெண்ணுக்கு எந்தச் சேலை என்பதையும் முடிவு செய்கிறது. ஆண்களும் அந்த மரபணுவைச் சுமக்கின்றன, ஆனால் அவற்றின் இறகில் வேடம் ஏறுவதில்லை.

மூன்று உருவத்துப் பெண்களையும் ஆண் கண்டுபிடித்துவிடுகிறது. கிட்டே வந்தபின் முடிவு சொல்வது மணம்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மஞ்சளில் நாம் காணாத நிறம்

ஆவாரை பூத்த ஓடைக்கரையில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பறப்பவை வேறு குடும்பம். கட்டை விரல் அளவுள்ள சின்ன மஞ்சள் பூச்சி ஒன்று, காமன் கிராஸ் யெல்லோ, ஊரெங்கும் உண்டு. நம் கண்ணுக்கு ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மஞ்சள். அவற்றின் கண்ணுக்கு அப்படியில்லை. ஆணின் இறகு மேற்புறம் புற ஊதா ஒளியைத் திருப்பி மின்னுகிறது. செதில்களின் நுண்ணிய அடுக்கமைப்பு அந்த மின்னலை உண்டாக்குகிறது. 2008-இல் ஆஸ்திரேலியாவில் இதே இனத்தை வைத்துச் செய்த சோதனையில், புற ஊதா மின்னல் குறைந்த ஆண்களைவிட மிகுந்த ஆண்களுக்கே பெண்கள் இசைந்தன. நாம் ‘வெறும் மஞ்சள்’ என்று தள்ளிவிட்டுப் போகும் பூச்சியின் மேல் நமக்குத் தெரியாத ஒரு நிறம் எரிந்துகொண்டிருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் பார்த்தே தீர வேண்டிய ஒன்று, பெண்ணின் மறுப்பு. இணைசேர்ந்து முடித்த பெண் பூவிலோ இலையிலோ அமர்ந்திருக்கும். ஆண் வந்து மேலே படபடக்கும். பெண் இறகுகளை விரித்துத் தட்டையாக்கி, வயிற்றை நேர் மேலே தூக்கிக் காட்டும். அந்த நிலையில் ஆண் சேரவே முடியாது. பழகாதவர்கள் இதைப் பார்த்து, பெண் அழைக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அது அழைப்பில்லை, ‘போய்விடு’ என்பது. சில ஆண்கள் விநாடிகளில் போய்விடும். சில விடாப்பிடியாக நிற்கும். பெண் ஒரே தாவாக மேலெழுந்து, உயரத்திலிருந்து திடீரென்று விழுவது போல் இறங்கி அவனைக் கழற்றிவிடும். கொன்றையையும் ஆவாரையையும் சுற்றும் வெளிர் பச்சை கலந்த வெள்ளைப் பூச்சிகளிடமும் இதைக் காணலாம். ஒரு மணி நேரம் ஓர் ஆவாரம்புதரடியில் உட்கார்ந்தால், காதலைவிட மறுப்பையே அதிகம் பார்ப்பீர்கள். அதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

எல்லா இனத்திலும் பெண்ணுக்கு இந்த வாய்ப்பு இல்லை. டானி கோஸ்டர் என்ற செம்மஞ்சள் பூச்சி நெல்லையின் வறண்ட பொட்டலில் மிகச் சாதாரணம். ஓரிதழ்தாமரையிலும் சிறுபூனைக்காலியிலும் முட்டையிடும். இறகில் கறுப்புப் பொட்டுகள், சோம்பேறிப் பறப்பு. இதன் ஆண் கொஞ்சுவதில்லை, மணம் தூவுவதில்லை. பறக்கும் பெண்ணைப் பிடித்துக் கீழே தள்ளிச் சேர்கிறது. முடித்ததும் பெண்ணின் வயிற்று நுனியில் கெட்டிப்படும் ஒரு பொருளைச் சுரந்து முத்திரை போல் அடைத்துவிடுகிறது. இன்னோர் ஆண் அணுக முடியாதபடி அது நெடுநாள் இருக்கும். கையில் பிடிக்காமலே, பக்கவாட்டில் எடுத்த நல்ல படத்தில் அந்த முத்திரை தெரியும். முதல் முறை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இதையும் சேர்த்துத்தான் வண்ணத்துப்பூச்சி. மென்மையானதை மட்டும் பொறுக்கி எடுத்தால் நாம் பார்ப்பது பூச்சியை இல்லை, வாழ்த்து அட்டையை.

எங்கே, எப்போது

மேற்குத் தொடர்ச்சி மலையில் 330-க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உண்டு. அகத்தியமலைப் பகுதி அதன் தென்கோடிப் பெட்டகம். 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் தென்னிந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான பொன்னழகியும், 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் பறக்கின்றன. தமிழ் மறவனின் புழு நீரடிமுத்து மரத்து இலையைத் தின்னும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதை வாங்கிப் போகிறவர்கள் போகட்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சமவெளியை. மலையை மட்டும் வண்ணத்துப்பூச்சி நாடாக நினைப்பது பெரிய தவறு. சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்துத் தேரியில், சிவந்த மணலில், உடைமரமும் பனையும் நிற்கும் இடத்தில், விழுதிச் செடியைத் தேடுங்கள். அதைச் சுற்றி வெள்ளைச் சிறகின் நுனியில் குங்குமம் தோய்த்தாற்போல் கிரிம்சன் டிப் பறக்கும். ஆணுக்கு அந்தச் சிவப்பு அகலமாகவும் எடுப்பாகவும் இருக்கும். பெண்ணுக்குச் சுருங்கி மங்கியிருக்கும். சங்கஞ்செடிப் புதரில் இளஞ்சிவப்பு ஓடிய ஸ்மால் சால்மன் அராப். இலந்தையில் வெள்ளையில் கறுப்புப் பொட்டிட்ட காமன் பியரோ. தரையில் கவனித்தால் இந்தியாவின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்றான கிராஸ் ஜுவல்; இறகை விரித்தால் 15 முதல் 22 மில்லிமீட்டர். இவற்றில் பல அடைமழைக் காட்டில் கிடைக்காது. வறண்ட முள்காடுதான் அவற்றின் ஊர். அரசுக் கணக்கில் ‘தரிசு’ என்று எழுதப்பட்ட நிலத்தில் இத்தனையும் இருக்கிறது.

வெறுந்தரையில் நீல வசீகரன், மஞ்சள் வசீகரன் ஆண்கள் ஆளுக்கோர் இடம் பிடித்து உட்காரும். எழுப்பினால் ஒரு சுற்றுச் சுற்றி அதே கல்லுக்கு வரும். பின்னால் ஓடாதீர்கள்; பக்கத்தில் உட்காருங்கள், அது வரும். மஞ்சள் வசீகரனில் ஆணுக்குப் பின்னிறகு மேலே பளிச்சென்ற நீலப் பொட்டு, பெண்ணுக்கு அது சிறுத்தோ மறைந்தோ இருக்கும்.

பருவத்தைப் பொறுத்தவரை நெல்லைக்குத் தனிக் கணக்கு. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி ஆடியில் கிழக்கே சமவெளி காய்ந்து கிடக்கும். கணவாய்கள் வழியாக வரும் காற்று பணகுடிக் காற்றாலைகளைச் சுழற்றும் வேகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் பூச்சிகள் ஓடைப் பள்ளத்திலும் வேலி மறைவிலும் தாழ்ந்தே பறக்கும். காதலாட்டம் பார்ப்பது கடினம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தை வரைதான் இங்கே திருவிழா. காலை எட்டு மணிக்கு மேல், பூச்சிகள் வெயில் காய்ந்து உடல் சூடேறிய பிறகு போனால் போதும். நெல் வயலோரத்தில் மட்டும் மாலையில் காத்திருங்கள்: காமன் ஈவ்னிங் பிரவுன் என்ற பழுப்புப் பூச்சி அந்தியில்தான் எழுந்து ஒன்றையொன்று துரத்தும். மழைக்காலத்தில் அதன் இறகடியில் கண் போன்ற வட்டங்கள் இருக்கும். கோடையில் பிறப்பவற்றுக்கு வட்டம் தேய்ந்து, இறகு அச்சு அசலாகச் சருகு. இரண்டு இனமென்று எழுதிவிட வேண்டாம்.

பாபநாசத்துக்கும் மணிமுத்தாறுக்கும் போகிறவர்கள் அருவியைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கீழே ஈர மணலையும் பாருங்கள். பத்தும் இருபதுமாக வண்ணத்துப்பூச்சிகள் உட்கார்ந்து மண்ணை உறிஞ்சும். அவை பெரும்பாலும் இளம் ஆண்கள். பூந்தேனில் கிடைக்காத உப்பை மண்ணிலிருந்து எடுக்கின்றன. அந்த உப்பின் ஒரு பங்கு இணைசேரும்போது பெண்ணுக்கும், அவள் வழியாக முட்டைக்கும் போய்ச் சேர்கிறது. துணி துவைக்கும் சவர்க்காரமும் ஷாம்பு உறையும் கிடக்கும் கரையில் அவை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். இரண்டு மீட்டர் தூரத்திலும் துலக்கமாகக் காட்டும் சிறு பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கண் போதும். செல்போனில் படம் எடுங்கள், ஆனால் முதல் ஐந்து நிமிடம் எடுக்காதீர்கள். படம் இறகை மட்டும் பிடிக்கும். யார் யாரிடம் வந்தார், யார் விலகினார், எந்தச் செடியில் வயிற்றை வளைத்தார் என்பதெல்லாம் அதற்குள் முடிந்துவிடும். குறிப்பேட்டில் நான் முதலில் செடியின் பெயரை எழுதுவேன், பிறகு நடந்ததை, கடைசியில்தான் பூச்சியின் பெயரை. பெயரை முதலில் எழுதினால் கண் அதற்கேற்பப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

சென்ற ஆண்டு கால்வாய் தூர்வார வந்த இயந்திரம் அந்த எருக்கம்புதரையும் வழித்துப் போட்டுவிட்டது. எருக்குக்கு வேர் ஆழம்; இரண்டு மாதத்தில் மறுபடி துளிர்த்தது. மார்கழியில் போனபோது பெரியவரே முந்திக்கொண்டார்.

“தம்பி, இப்பத்தான் மூணு புள்ளிக்காரி ஒருத்தி வந்தா. எல எலயா உக்காந்து, அடியில வால வச்சு வச்சு எடுத்தா. நாலு புள்ளிக்காரன் ஒருத்தன் வந்தான், அவ சட்டையே பண்ணல.”

எந்த இலை என்று கேட்டேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலால் ஒரு தளிரை மெல்லத் திருப்பிப் பிடித்தார். அடிப்பக்கம், நரம்பை ஒட்டி, வெண்ணிறத்தில் ஒரே ஒரு முட்டை இருந்தது.